கையால் வரைந்த ஓர் அனிமேட்டரை எப்படிப் பயில்வது: பில் டைட்லாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கையால் வரைந்த அனிமேஷன் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்கும் அவற்றை வரைந்தவர்களின் பெயர் தெரிவதில்லை. பாத்திரத்தின் பெயரும் ஸ்டூடியோவின் பெயரும் நினைவில் இருக்கும். குரல் கொடுத்தவரின் பெயரைக்கூடச் சிலர் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பாத்திரம் எந்தக் கணத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எந்தக் காலில் எடையைத் தாங்கி நிற்க வேண்டும், கோபம் முகத்துக்கு வருவதற்கு முன் தோளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து, பென்சிலால் தாள் தாளாக வரைந்தவர் பெரும்பாலும் பெயரற்றவராகவே இருந்துவிடுகிறார். இந்தக் கலைக்குப் புதிதாக வருகிறவர் ஓர் அனிமேட்டரின் வாழ்க்கையையும் பணியையும் எந்த வரிசையில், எந்த முறையில் பயில வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்திலேயே பத்துப் பேரைப் பட்டியலிட்டுக்கொண்டால் எவருடைய கையும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒருவரை எடுத்துக்கொண்டு சில மாதங்கள் அவரோடு மட்டும் இருப்பதே சரியான வழி. என் பரிந்துரை, 1930-களின் டிஸ்னி ஸ்டூடியோவில் பணியாற்றிய விளாடிமிர் டைட்லா. பில் டைட்லா என்று அழைக்கப்பட்டவர். படங்களின் பெயர்ப் பட்டியலில் முழுப்பெயரோடு இருப்பார் என்பதால் அந்தப் பெயரையே தேடுங்கள்.

அவரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய சிறந்த பணிகள் பெரும்பாலும் 1937 முதல் 1941 வரை வெளிவந்த நான்கு முழுநீளப் படங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு புதியவரால் அவற்றை முழுமையாகப் பார்த்து முடிக்க முடியும். அதைவிட முக்கியமானது, உடலின் எடையும் மனத்தின் எடையும் ஒரே கோட்டில் தெரியும்படி வரைந்தவர்களுள் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர்கள் மிகச் சிலரே என்பது. இந்த எடை என்ற ஒன்றைக் கண்டுகொள்ளப் பழகுவதுதான் நமக்கு வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

இரண்டாம் படி: செய்முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாழ்க்கை வரலாற்றுக்குள் நுழையும் முன், அந்த நாளில் ஒரு ஷாட் எப்படி உருவானது என்பது தெரிந்திருக்க வேண்டும். வசனமும் இசையும் பெரும்பாலும் முதலிலேயே பதிவாகிவிடும். எந்த ஃபிரேமில் எந்த ஒலி விழுகிறது என்று குறித்த தாள் அனிமேட்டரின் மேசைக்கு வரும். அவர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார்; அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை உதவியாளரும் இன்பிட்வீனரும் நிரப்புவார்கள். பென்சில் வரைபடங்களை அப்படியே படம்பிடித்து ஓட்டிப் பார்க்கும் பென்சில் டெஸ்டில் தேறிய பிறகு, கிளீனப் கலைஞர்கள் கோடுகளைச் சீராக்குவார்கள். இங்க் அண்ட் பெயின்ட் பிரிவில் பணியாற்றிய பெண்கள் அக்கோடுகளைச் செல் எனப்படும் ஒளிபுகும் தாளின் முன்புறத்தில் மையால் பிரதியெடுத்து, பின்புறத்தில் வண்ணம் தீட்டுவார்கள். பின்னணி ஓவியத்தின் மேல் அந்தச் செல்லை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாகக் கேமராவில் எடுப்பார்கள்.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரே வரைபடத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்துவதை 'ட்வோஸ்' என்றும், ஃபிரேமுக்கு ஒரு வரைபடம் வரைவதை 'ஒன்ஸ்' என்றும் தொழிலில் சொல்வார்கள். ட்வோஸில் வரைந்தாலும் ஒரு பாத்திரம் ஒரு நிமிடம் அசைய 720 வரைபடங்கள் தேவை.

இதிலிருந்து புதியவர் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. திரையில் நீங்கள் காணும் கோடு அனிமேட்டரின் கைக்கோடு அல்ல. இரண்டு மூன்று கைகள் தாண்டி வந்தது. எனவே படத்தோடு நின்றுவிடாமல், டைட்லாவின் கரட்டுப் பென்சில் வரைபடங்களையும் தேடிப் பாருங்கள். அனிமேஷன் வரலாற்று நூல்களிலும் அருங்காட்சியகத் தொகுப்புகளிலும் அவை கிடைக்கின்றன. அந்தத் தாள்களில் கோடுகள் அழுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வடிவத்தைத் தேடிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். சீராக்கப்பட்ட பிரதியில் அந்தத் தேடல் மறைந்துவிட்டாலும் அதன் விசை மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்தச் செய்முறை நம் நாட்டுக்கும் நேரடியாகவே வந்து சேர்ந்தது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாயிலிருந்த பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து அங்கிருந்த இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு இத்துறைக்கு வந்து, இந்திய அனிமேஷனின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ராம் மோகன்.

மூன்றாம் படி: தொடக்க ஆண்டுகளை ஒரே தாளில் எழுதுங்கள்

டைட்லா 1904 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில், உக்ரைனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். வின்சர் மக்கே 1914-இல் உருவாக்கிய 'கெர்ட்டி' என்ற டைனோசர் படத்தைச் சிறுவயதில் பார்த்ததுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் படத்தை நீங்களும் முதலில் பாருங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு பெரிய விலங்கு நடக்கும்போது அதன் கனம் பார்ப்பவருக்கு உறைக்கிறது என்பதே அதன் அதிசயம். டைட்லா பின்னாளில் எதைத் தேடினாரோ அதன் வித்து அதில் இருக்கிறது.

பதின்ம வயதிலேயே அவர் நியூயார்க்கின் சிறு ஸ்டூடியோக்களில் வேலைக்குப் போனார். எழுத்து அட்டைகள் எழுதுவதில் தொடங்கி, பால் டெரியின் கூடத்தில் அனிமேட்டரானார். அந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் உடல்கள் ரப்பர் குழாய்களைப் போல வளைந்தன. எலும்பும் தசையும் இருப்பதாகவே தோன்றாது. நல்ல சம்பளம் வந்துகொண்டிருந்தபோதும் டைட்லா ஓவியப் பள்ளிகளில் தொடர்ந்து படித்தார். 1929-இல் பாரிஸுக்குப் போய், ரோடானிடம் உதவியாளராக இருந்த சிற்பி சார்ல் டெஸ்பியோவிடம் சிற்பம் பயின்றார். சிற்பம் கற்றவனுக்கு உருவத்தின் பின்பக்கமும் மனத்தில் இருக்கும். தாளில் தெரியாத பக்கத்தையும் உணர்ந்தே அவன் தெரிகிற பக்கத்தை வரைவான். அவருடைய பாத்திரங்கள் தட்டையாகத் தோன்றாததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நியூயார்க்கிலிருந்து முன்பே கலிபோர்னியாவுக்குப் போயிருந்த நண்பர் ஆர்ட் பாபிட்டின் தூண்டுதலால் 1934-இல் டிஸ்னியில் சேர்ந்தார். அங்கே 1932 முதல் டான் கிரஹாம் என்ற ஆசிரியர் அனிமேட்டர்களுக்கு மாலை நேரங்களில் உருவ வரைகலையும் அசைவுப் பகுப்பாய்வும் கற்பித்துவந்தார். சம்பளம் வாங்கும் தொழில்வல்லவர்கள் இரவில் மாணவர்களாக அமர்ந்த அந்தச் சூழலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிந்தைய ஆண்டுகளைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

நான்காம் படி: கிரம்பியிடமிருந்து தொடங்குங்கள்

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் முதல் காட்சி கண்ட 'ஸ்னோ வைட்' படத்துக்கு நான்கு மேற்பார்வை அனிமேட்டர்கள். அவர்களுள் ஒருவர் டைட்லா. கதையில் வரும் ஏழு குள்ளர்களின் தோற்றத்தையும் குணத்தையும் உருவாக்கியதில் அவருக்கும் ஃபிரெட் மூருக்கும் பெரும்பங்கு உண்டு. மூரின் குள்ளர்களிடம் கவர்ச்சியும் மென்மையும் இருந்தால், டைட்லாவின் குள்ளர்களிடம், குறிப்பாகச் சிடுசிடுப்பான கிரம்பியிடம், உள்ளே ஒரு போராட்டம் இருந்தது.

குள்ளர்கள் வேலைக்குப் புறப்படும் காலையில், ஸ்னோ வைட் ஒவ்வொருவருக்கும் முத்தம் கொடுத்து அனுப்பும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நியர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி கிரம்பி அவளைக் கண்டிக்கிறான். அவள் முத்தமிட்டதும் விறைப்போடு விலகி நடக்கிறான். நடக்க நடக்க விறைப்பு தளர்கிறது, முகத்தில் அவனை மீறிய புன்னகை பரவுகிறது, பெருமூச்சும் வருகிறது. உடனே சுதாரித்துக்கொண்டு பழைய முகத்தை மாட்டிக்கொள்கிறான். சில நொடிகளுக்குள் ஒரு மனிதனின் மனம் திறந்து மூடுகிறது.

இதைப் பார்க்கும் முறை முக்கியமானது. முதலில் ஒலியோடு இரண்டு முறை பாருங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உணர்ச்சியை இசை சுமக்கிறதா, உடல் சுமக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். அதன்பின் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். உங்களிடம் முறையான வட்டு இருந்து விஎல்சி மென்பொருளில் ஓட்டினால், 'ஈ' என்ற ஆங்கில எழுத்து விசை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்தும். யூடியூபில் கணினியில் பார்த்தால், காணொலியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையால் முன்னும் காற்புள்ளி விசையால் பின்னும் நகரலாம். ஒரே படம் இருமுறை வந்தால் குழம்ப வேண்டாம். அந்த இடம் ட்வோஸில் வரையப்பட்டிருக்கலாம்.

நகர்த்தும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். இது புதியவர்களுக்குக் கடினம், ஆனால் தவிர்க்கக் கூடாதது. இடுப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கால் எடையைத் தாங்குகிறது, தோள்களின் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, கட்டைவிரல் அளவுச் சிறு உருவங்களாக ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரைந்துகொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையும் ஐந்தாறு கோடுகளுக்குள் முடியட்டும். ஒரு பக்கம் நிரம்பியதும் அந்தச் சிறு உருவங்களை வரிசையாகப் பார்த்தால், கிரம்பியின் மனமாற்றம் முகத்துக்கு வருவதற்கு முன்பே நடையில் தொடங்கிவிட்டதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு பாத்திரம் படம் முழுவதும் ஒருவராலேயே வரையப்படுவதில்லை. கிரம்பியின் எல்லா ஷாட்டுகளும் டைட்லாவுடையவை அல்ல. ஒவ்வொரு ஷாட்டையும் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஸ்டூடியோவில் எழுதிவைத்த பதிவுத் தாள்கள் 'டிராஃப்ட்' எனப்பட்டன. அவற்றுள் பலவற்றை அனிமேஷன் வரலாற்றாய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு ஷாட்டை அவர் பெயரில் எழுதிக்கொள்ளும் முன் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஸ்ட்ராம்போலியும் செர்னபோக்கும்

1940 பிப்ரவரியில் வெளிவந்த 'பினோக்கியோ' படத்தின் பொம்மலாட்டக்காரன் ஸ்ட்ராம்போலி மிகைநடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வண்டிக்குள் பணத்தை எண்ணும் காட்சியில் அவன் மகிழ்ச்சியிலிருந்து சினத்துக்கும் சினத்திலிருந்து போலிக் கனிவுக்கும் தாவுகிறான். வீட்டுக்குப் போகிறேன் என்று பினோக்கியோ சொன்னதும் சிரித்துக்கொண்டிருந்தவன் அவனைக் கூண்டுக்குள் எறிகிறான். அடுத்து என்ன செய்வான் என்று கணிக்க முடியாத பெரியவரின் முன் ஒரு சிறுவன் அடையும் அச்சம் அந்தத் தாவல்களில்தான் இருக்கிறது. எனவே இங்கே நிலைகளை வரையாதீர்கள். ஓர் உணர்ச்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற எத்தனை ஃபிரேம்கள் ஆகின்றன என்று மட்டும் எண்ணுங்கள். மாற்றத்துக்கு முன் உடல் எதிர்த்திசையில் சற்றுப் பின்வாங்குவதையும், பருத்த வயிறும் கன்னமும் உடலைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'ஃபான்டேசியா' படத்தில், முசோர்க்ஸ்கியின் இசைக்கு அமைந்த இறுதிப் பகுதியில், மலையுச்சியாகத் தெரிந்ததே சிறகாக விரிந்து செர்னபோக் என்ற இருள் தெய்வம் எழுகிறது. ஸ்ட்ராம்போலிக்கு நேர் எதிரான பாடம் இது. அசைவுகள் மிக மெதுவானவை. மெதுவான அசைவை எடை குன்றாமல் வரைவது வேகமான அசைவை வரைவதைவிட அரிது. இடைவெளிகள் சிறிது பிசகினாலும் உருவம் மிதக்கத் தொடங்கிவிடும். இந்தப் பாத்திரத்துக்கு நடித்துக் காட்ட, திகில் பட நடிகர் பெலா லுகோசியை ஸ்டூடியோவுக்கு அழைத்திருந்தார்கள். அவர் நடித்தது டைட்லாவுக்கு நிறைவளிக்கவில்லை. பிறகு அப்பகுதியின் இயக்குநரான, ஒல்லியான உடல்வாகு கொண்ட வில்ஃபிரெட் ஜாக்சனையே சட்டையில்லாமல் நிற்கச் செய்து, தாம் சொன்னபடி அசையவைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டார். மாதிரி என்பது அனிமேட்டரின் மனத்திலுள்ள அசைவைச் சோதித்துப் பார்க்க உதவுவது. அதைப் பார்த்துப் பிரதியெடுத்தால் பாத்திரம் உயிர்பெறாது. இன்று கைப்பேசியில் தம்மைத் தாமே படமெடுத்து அதன் மேல் கோடிழுக்கும் மாணவர்கள் இந்தச் செய்தியை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆறாம் படி: டம்போவுக்கு நிறைய நேரம் கொடுங்கள்

இத்தனை வன்மையான உருவங்களுக்குப் பேர்பெற்றவர் அடுத்து எடுத்துக்கொண்டது ஒரு குட்டியானை. 1941 அக்டோபரில் வெளிவந்த 'டம்போ' 64 நிமிடங்களே ஓடும் படம். அதில் டம்போ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆகவே வசனத்தின் துணையில்லாமல் எல்லாவற்றையும் உடலே சொல்லியாக வேண்டும். டைட்லா தமக்கு அப்போது இரண்டு வயதளவிலிருந்த மகனைக் கவனித்து, அந்த அவதானிப்புகளைக் குட்டியானையின் உடலுக்குள் கொண்டுவந்தார். தாய் குளிப்பாட்டும் காட்சியில் அவள் கால்களுக்கு இடையே டம்போ ஓடி ஒளிந்து விளையாடுவதைப் பாருங்கள். யானையின் எலும்பமைப்பு மாறவில்லை, ஆனால் ஓடுவது ஒரு குழந்தைதான். தான் நேசிக்கப்படுகிறோம் என்பதில் எள்ளளவும் ஐயமில்லாத குழந்தை மட்டுமே அப்படித் திரும்பிப் பார்க்காமல் ஓடும்.

பிறகு, தாய் சிறைவண்டிக்குள் அடைக்கப்பட்டபின் வரும் தாலாட்டுக் காட்சிக்குப் போங்கள். தாயின் முகம் டம்போவுக்குத் தெரிவதில்லை. கம்பிகளுக்கு வெளியே நீண்டு வரும் துதிக்கை தடவித் தேடி அவனைக் கண்டுகொள்கிறது, அவனைத் தழுவுகிறது, தூக்கித் தாலாட்டுகிறது. அந்தத் தொடுகையில் அழுத்தம் எவ்வளவு என்பதைப் பாருங்கள்: துதிக்கை பட்ட இடத்தில் குட்டியின் கன்னம் எவ்வாறு குழைகிறது, தூக்கும்போது அதன் உடல் எப்படி முழுமையாகத் துதிக்கையின் மேல் சாய்ந்துவிடுகிறது. செர்னபோக்கின் சிறகில் இருந்த அதே எடையறிவுதான் இங்கே பாசமாக மாறியிருக்கிறது. கையால் வரைந்த அனிமேஷனில் இதைவிட உயர்ந்த சில நிமிடங்களை நான் அறியேன்.

இந்தப் படிக்குரிய பயிற்சி, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும் இரண்டு மூன்று வயதுக் குழந்தையைக் கால்மணி நேரம் கவனிப்பது. அப்போது வரைய வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். பிறகு தனியே அமர்ந்து, நினைவில் நின்ற மூன்று அசைவுகளை மட்டும் வரையுங்கள். எது நினைவில் நின்றதோ அதுவே அந்த அசைவின் சாரம்.

ஏழாம் படி: வேலைநிறுத்தத்தையும் அதன் பின்விளைவையும் படியுங்கள்

ஒரு கலைஞரின் உச்சத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடுவது சரியல்ல. 1941 மே மாத இறுதியில், ஊதியம், படங்களில் பெயர் இடம்பெறுதல், தொழிற்சங்க அங்கீகாரம் ஆகியவற்றை ஒட்டி டிஸ்னி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் பணிநீக்கம் செய்யப்பட்டது அதற்கு உடனடிக் காரணம். டைட்லா ஸ்டூடியோவின் உயர்ந்த ஊதியம் பெற்றவர்களுள் ஒருவர். அவருக்கென்று தனிக்குறை பெரிதாக இல்லை. எனினும் நண்பர்களின் பக்கம் நின்றார். அரசின் நடுவர் தலையீட்டால் வேலைநிறுத்தம் முடிந்தபின் அவர் திரும்பி வந்தாலும் பழைய இணக்கம் திரும்பவில்லை. 1943 பிப்ரவரியில் விலகி, அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே திரும்பிப் போய்விட்டார்.

அதன்பின் பால் டெரியின் கூடத்திலும், பிறகு ஃபேமஸ் ஸ்டூடியோவில் 'லிட்டில் லூலு' போன்ற குறும்படங்களின் இயக்குநராகவும், பிற்பாடு விளம்பரப் படங்களிலும் பணியாற்றினார். 1964-இல் வெளிவந்த 'இன்கிரெடிபிள் மிஸ்டர் லிம்பெட்' படத்தின் அனிமேஷன் பகுதிக்குப் பொறுப்பேற்றார். 1968 டிசம்பர் 30 அன்று கனெக்டிகட் மாநிலத்திலிருந்த தம் பண்ணையில் காலமானார்.

இந்தப் பிந்தைய படங்களில் இரண்டொன்றைப் பார்த்து, டம்போவோடு ஒப்பிடுங்கள். திறமை குறைந்துவிட்டது என்று அவசரமாக முடிவு செய்யாதீர்கள். அழித்துத் திரும்ப வரைய நேரம், பென்சில் டெஸ்டை ஓட்டி விவாதிக்கும் சகாக்கள், கரட்டுக் கோட்டின் விசையைக் காக்கத் தெரிந்த உதவியாளர்கள், பாத்திரத்துக்கு ஆழம் தரும் கதை ஆகியவை சேர்ந்த இடத்தில்தான் ஸ்ட்ராம்போலியும் டம்போவும் பிறந்தார்கள். சில நிமிடக் குறும்படத்தின் கால அட்டவணைக்குள் அவற்றுக்கு இடமில்லை. மேலும், இயக்குநரான பிறகு அவர் பிறர் வரைவதை நெறிப்படுத்த வேண்டியிருந்தது. அவருடைய மேதைமையோ தம் கையால் வரைவதில் இருந்தது. வேலை தேடும்போது யாரோடு அமர்ந்து வரையப்போகிறீர்கள் என்பதைச் சம்பளத்தோடு சேர்த்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மேசையைத் தயார்செய்து வரையத் தொடங்குங்கள்

தொழில்முறைக் கருவிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் இரட்டைத் துளைப் பஞ்சிங் மெஷின் போதும். அதன் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 80 மில்லிமீட்டர் இருக்கும். துளையின் விட்டம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். துளைக்குள் இறுக்கமாக நுழையும் இரண்டு உருண்டை மரக்குச்சித் துண்டுகளை அதே இடைவெளியில் ஒரு தட்டையான மரச்சட்டத்தில் ஒட்டிவிட்டால், தாள்கள் நகராமல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். அடியில் விளக்கு வைத்த கண்ணாடிப் பலகையோ விலை குறைந்த எல்இடி டிரேசிங் பலகையோ இருந்தால் கீழ்த்தாள் தெரியும். மெல்லிய சாதாரண வெள்ளைத் தாளே ஏற்றது. வரைந்தவற்றைக் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி மேலிருந்து படமெடுத்து ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் வரைய விரும்பினால் கிரிட்டா, பென்சில்2டி ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆனால் முதல் மாதமாவது தாளில் வரையுங்கள். விரல்களுக்கு இடையே தாள்களைப் புரட்டி அசைவை உணரும் பழக்கம் தாளில்தான் வரும்.

முதல் பயிற்சி, பாதி நிரம்பிய மாவு மூட்டை. முகமோ கைகால்களோ இல்லாத அந்த மூட்டையைச் சோர்வாக, கர்வமாக, பயந்ததாக வரைய முயலுங்கள். நாலு மூலைகளும் வயிற்றுப் பகுதியின் சரிவும் மட்டுமே உங்களுக்குக் கருவி. பிறகு அதைக் குதிக்கச் செய்யுங்கள்: குதிக்கும் முன் அமுங்க வேண்டும், மேலே நீள வேண்டும், தரையில் பட்டதும் பரவி மெல்ல நிலைக்க வேண்டும்; எத்தனை அமுங்கினாலும் உள்ளேயுள்ள மாவின் அளவு மாறக் கூடாது. நொடிக்கு 12 வரைபடங்கள் என்ற கணக்கில் இரண்டு நொடிக்கு 24 தாள்கள் போதும்.

அடுத்து கிரம்பியின் நடையை அந்த மூட்டைக்குக் கொடுங்கள். விறைப்போடு விலகிப் போக வேண்டும், தளர வேண்டும், மீண்டும் விறைக்க வேண்டும். முதலில் மூன்று முக்கிய நிலைகளை மட்டும் வரைந்து புரட்டிப் பாருங்கள். அந்த மூன்றிலேயே மனமாற்றம் தெரியாவிட்டால் இடைநிலைகளைச் சேர்க்காமல், அந்த மூன்றையும் திரும்ப வரையுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மூட்டை மிதப்பதுபோலத் தோன்றினால், தரையைத் தொடும் நிலையைக் கூடுதலாக இரண்டு ஃபிரேம் நிறுத்திப் பாருங்கள்; அப்போதும் மிதந்தால் தொடுவதற்கு முந்தைய இரண்டு வரைபடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அதிகமாக்குங்கள். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் எண்ணிட்டு, முடிந்த ஷாட்டின் தாள்களை ஒரு கோப்பில் கட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஷாட்டைப் பழைய தாள்களைப் பிரிக்காமல் புதிதாக வரைந்துவிட்டு, அதன் பிறகே இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.